ஆடுதன் ராஜா

ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு நாள், என் டியூஷன் பிள்ளைகள் காரணமே தெரியாமல் என்னிடம் திட்டு வாங்குவார்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் நிகழ்தகவு நடத்துகிற நாள் அது. நாணயத்தைச் சுண்டுவது, பகடை உருட்டுவது, பையிலிருந்து பந்து எடுப்பது வரைக்கும் சிரித்துப் பேசித்தான் நடத்துவேன். ஐம்பத்திரண்டு சீட்டுக் கணக்கு வந்துவிட்டால் மட்டும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

இந்த வருஷம் மாட்டிக்கொண்டவள் அப்ரின். கள்ளக்குறிச்சி கடைவீதியில் என் அப்பா, எங்கள் அத்தா ஜாபர், கோரைப்பாயும் கயிறும் விற்கிற கடைக்கு மேல் மாடியில்தான் டியூஷன். அவள் முதல் வரிசையில் உட்கார்ந்து, நான் கேட்பதற்கு முன்பே பதில் சொல்லத் துடித்துக்கொண்டிருந்தாள்.

"கட்டுலேர்ந்து கண்ண மூடிக்கினு ஒரு சீட்டு எடுக்கற. அது ராஜாவாவோ ஆடுதனாவோ இருக்க நிகழ்தகவு இன்னா?" என்று கேட்டேன். ஆடுதன் என்றால் இதயம் போட்ட சீட்டு. புத்தகத்தில் ஹார்ட் என்று இருக்கும்.

"ராஜா நாலு, ஆடுதன் பதிமூணு. பதினேழு பை அம்பத்திரண்டு, மிஸ்."

"ஆடுதன் ராஜாவை எத்தினி வாட்டி எண்ணின?"

அப்ரின் விரலை மடக்கினாள். "ராஜாவுல ஒரு வாட்டி. ஆடுதன்ல ஒரு வாட்டி. அய்யோ, ரெண்டு வாட்டி எண்ணிட்டேன்!"

"ஒரே ஆளு ரெண்டு பந்தியில உக்காந்து சாப்பிட்டா ரெண்டு ஆளாயிடுவானா? ஒண்ணைக் கழி. பதினாறு பை அம்பத்திரண்டு. சுருக்கினா நாலு பை பதிமூணு. இந்த ஒண்ணைக் கழிக்க மறந்துதான் ஒருத்தி பப்ளிக்ல சென்டத்தை வுட்டா. கூட இருந்தவ சீட்டைத் தொலைச்சா, இவ மார்க்கைத் தொலைச்சா."

"யாரு மிஸ் அது?"

"கணக்கைப் போடு."

மார்க்கைத் தொலைத்தவள் நான், ருக்ஷானா. சீட்டைத் தொலைத்தவள் என்று பதிமூன்று வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருந்தது மலர்விழியை. அவளைப் போல ஒரு சிநேகிதி எனக்கு முன்னும் வாய்க்கவில்லை, பின்னும் வாய்க்கவில்லை. இதை வாய்விட்டுச் சொல்லவே எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

நாங்கள் பத்தாவது படித்தபோது கள்ளக்குறிச்சி விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. அந்த வருஷம்தான் பாடத்திட்டம் மாறி, புத்தகமே தாமதமாக வந்தது. மலர்விழி ரிஷிவந்தியம் பக்கத்துக் கிராமத்துப் பெண். அப்பா முனியன் கரும்பு வெட்டுகிறவர். இங்கே விடுதியில் தங்கிப் படித்தாள். கணக்கில் எங்கள் இரண்டு பேருக்கும்தான் போட்டி. போட்டி என்றால் பொறாமை இல்லை. அவள் ஒரு கணக்கை ஐந்து வரியில் போட்டால் நான் நாலு வரியில் போட்டுக் காட்டுவேன், அவ்வளவுதான். மதியம் என் டப்பாவில் இருக்கும் தால்ச்சா சோறு அவளுக்கு, விடுதிப் புளிசாதம் எனக்கு. இரண்டு பேரும் சென்டம் எடுத்தாக வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தோம். சென்டம் எடுப்பவர்கள் பெயரைப் பள்ளிக்கூட வாசல் பலகையில் பெயிண்டில் எழுதுவார்கள். அதில் என் பெயரும் அவள் பெயரும் மேலும் கீழுமாக வரவேண்டும் என்பது எங்கள் கனவு. யார் பெயர் மேலே என்பதில் மட்டும் தீராத வழக்கு.

நிகழ்தகவு பாடம் வந்தபோது வகுப்பே திருதிருவென்று விழித்தது. எங்களில் பாதிப் பேர் சீட்டுக்கட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. புத்தகமோ அது எல்லோர் வீட்டிலும் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிற சாமான் என்று நினைத்துக்கொண்டு பேசியது. கணக்கு ஆசிரியர் தெய்வசிகாமணி சார் ரொம்ப ஒழுங்கானவர். "பொம்பளப் புள்ளைங்க ஸ்கூலுக்கு நான் சீட்டுக்கட்டு எடுத்துக்கினு வந்தா எச்.எம். என்னை இன்னான்னு கேப்பாங்க?" என்று சொல்லிவிட்டு, போர்டில் நாலு கட்டம் போட்டு வாயாலேயே நடத்தினார்.

எங்கள் வீட்டில் சீட்டு என்ற பேச்சே கிடையாது. சூது ஹராம். அத்தா தாயக்கட்டையைக்கூட வீட்டுக்குள் விட்டதில்லை. மலர்விழி வீட்டில் வேறு கதை. அதை அவள் ஒரு மதியம், பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில், என் காதோடு சொன்னாள்.

"ஹார்ட்டை ஆடுதன்னு சொல்லுவாங்க ருக்கு. எங்கப்பா அப்பிடித்தான் சொல்லும். வெட்டு இல்லாத நாள்ல சீட்டாடும். எங்கம்மா ஒருவாட்டி கட்டையே அடுப்புல போட்ருச்சி. வூட்ல ரெண்டு நாளு சண்டை. யார்கிட்டயும் சொல்லாத."

"சொல்ல மாட்டேன்" என்று அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

சீட்டு கிடைக்காவிட்டால் என்ன, நாமே செய்துகொள்வோம் என்றது நான்தான். அட்டைக்குப் பஞ்சமில்லை. கல்யாணப் பாய் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் அத்தாவுக்குப் பத்திரிகை வைத்துவிட்டுப் போவார்கள். கடையில் ஒரு சாக்கு நிறைய பழைய பத்திரிகை கிடந்தது. நல்ல தடிமனான அட்டை. நான் வெட்டினேன், மலர்விழி வரைந்தாள். அவள் கை அப்படி. ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் யாரோ ஒருவர் கல்யாணத்தின் துண்டு இருக்கும். ஒன்றில் 'திருவளர்ச்செல்வி', ஒன்றில் 'நிகழும் மங்களகரமான', ஒன்றில் பாதிப் பிள்ளையார். பின்பக்கத்தைப் பார்த்தே எந்தச் சீட்டென்று சொல்லிவிடலாம் என்பதால் அதை வைத்துக்கொண்டு எந்தச் சூதாடியும் பிழைக்க முடியாது.

ராஜாவுக்குத் தாடி மீசை வேண்டும் என்று சார் சொல்லியிருந்தார். எங்களுக்குத் தெரிந்த ஆண்பிள்ளைகளையே உட்கார வைத்தோம். இஸ்பேட் ராஜா தெய்வசிகாமணி சார், கண்ணாடியோடு. கிளாவர் ராஜா பள்ளிக்கூட வாட்ச்மேன் ஆதிமூலம். டைமன் ராஜா மலர்விழியின் அப்பா முனியன், தலையில் துண்டு கட்டி, காதில் பீடி செருகி. ஆடுதன் ராஜா எங்கள் அத்தா. தொப்பியும் தாடியும் அச்சு அசல். தொப்பிக்கு மேலே ஒரு கிரீடம் வேறு. அத்தாவை அவள் கடையில் நாலைந்து தடவைதான் பார்த்திருப்பாள்.

"ஏண்டி, சீட்டையே தொடாத மனுஷனைச் சீட்டுல ஏத்திட்டியே!" என்று சிரித்தேன். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் சார் எங்களை வெளியே நிற்க வைத்தார். நின்றுகொண்டும் சிரித்தோம்.

அந்தக் கட்டை வைத்துக்கொண்டு நாங்கள் போடாத கணக்கு இல்லை. கறுப்பாக இருக்க, சிவப்பு ராணியாக இருக்க, படச்சீட்டாக இல்லாமல் இருக்க என்று மாற்றி மாற்றிக் கேட்டுக்கொள்வோம். விடையைச் சீட்டின் ஓரத்திலேயே பென்சிலால் பொடியாக எழுதி வைப்போம். கட்டு ஒரு வாரம் என்னிடம் இருக்கும், ஒரு வாரம் அவளிடம். என்னிடம் இருக்கிற வாரம் வீட்டில் ஒளித்து வைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிடும். ஜிப் பிய்ந்து தைத்து வந்த என் பழைய பைக்குள் ஒரு உள்பை உண்டு. அதுதான் இடம்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை கட்டை அவளிடம் கொடுத்தேன். சனிக்கிழமை அவள் ஊருக்குப் போனாள். திங்கட்கிழமை வந்ததும் வராததுமாக நான் எண்ணினேன். ஐம்பத்தொன்று. ஆடுதன் ராஜா இல்லை.

"நீ குடுக்கும்போதே அம்பத்தொண்ணுதான்டி இருந்துச்சி. விடுதியில எண்ணிப் பார்த்தேன்" என்றாள் மலர்விழி. "உங்க அத்தா படம்னு நீயே எடுத்து வெச்சிக்கினு இருப்பேன்னு நெனைச்சேன். உங்க வூட்ல தேடிப் பாரு."

"எங்க வூட்ல யாரு சீட்டைத் தொடுவாங்க?"

"எனக்கு இன்னா தெரியும்?"

பரீட்சை பயமோ, எங்கள் வீட்டைப் பற்றி எனக்கிருந்த கர்வமோ, எது என்னை அப்படிப் பேச வைத்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. வகுப்பே கேட்கும்படி சொன்னேன்.

"சீட்டாடறது உங்கப்பாதான? ஊருக்கு எடுத்துக்கினு போன இல்ல? அவரைப் போய்க் கேளு, எங்க வெச்சி ஆடினாருன்னு."

நாற்பது பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். மலர்விழி அழுதிருந்தால் நானும் அழுது மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவள் அழவில்லை. கட்டை என் டெஸ்க் மேல் வைத்து, ஓரத்தைத் தட்டிச் சரிசெய்துவிட்டு, தன் பையை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் என்னோடு பேசவே இல்லை.

நானும் சும்மா இருந்துவிடவில்லை, வீம்பு பிடித்தேன். ஒரு துண்டு அட்டை வெட்டி அதில் இதயமும் ஒரு கே எழுத்தும் போட்டிருந்தால் கட்டு முழுசாகியிருக்கும். தொலைத்தவள் வந்து வரையட்டும் என்று பிடிவாதமாக ஐம்பத்தொன்றை வைத்தே இரண்டு மாதம் தனியாகப் போட்டுப் பார்த்தேன். ராஜாக்களை ஒரு பக்கம் அடுக்குவேன். ஆடுதன்களை ஒரு பக்கம் அடுக்குவேன். ராஜாவாகவும் ஆடுதனாகவும் ஒரே சீட்டு என் கைக்கு வரவே வராது. ஐம்பத்தொன்றும் எனக்கு மனப்பாடம் ஆயின. ஐம்பத்திரண்டாவது மறந்தே போயிற்று.

பொதுத்தேர்வில் ஐந்து மார்க் கணக்காக அதுவே வந்தது. ராஜா அல்லது ஹார்ட். நாலைப் போட்டேன், பதிமூன்றைப் போட்டேன், கூட்டினேன், பதினேழு என்று எழுதி அழகாகக் கட்டம் கட்டினேன். கூடத்தை விட்டு வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் உறைத்தது.

எனக்குத் தொண்ணூற்றேழு. மலர்விழிக்கு நூறு. முடிவு வந்த அன்று பலகையில் அவள் பெயருக்குக் கீழே காலியாக இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்து, கடைக்குப் பின்னால் கயிற்றுக் கழிவு கொட்டுகிற இடத்தில் நின்று, ஐம்பத்தொரு சீட்டையும் ஒவ்வொன்றாகக் கிழித்துப் போட்டேன். அவள் தொலைத்த சீட்டால்தான் எனக்கு இந்தக் கதி என்று எனக்கு நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன்.

பதினொன்றாம் வகுப்புக்கு அவள் ரிஷிவந்தியம் பக்கம் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். "அந்தப் படம் வரையற பொண்ணு ஏம்மா வர்றதே இல்ல?" என்று அத்தா இரண்டு மூன்று முறை கேட்டார். படிப்பு ஜாஸ்தி என்று சொல்லிவைத்தேன். அப்புறம் அவளைப் பேருந்து நிலையத்தில் இரண்டு தடவை பார்த்தேன், இரண்டு தடவையும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். கொரோனா சமயத்தில் முனியன் இறந்துபோனதாகக் காதில் விழுந்தது. போகவில்லை. கல்வராயன் மலையில் ஒரு அரசுப் பள்ளியில் அவள் கணக்கு டீச்சராக இருக்கிறாள் என்று யாரோ சொன்னபோது, 'இருக்கட்டுமே' என்றேன்.

அப்ரினைத் திட்டிய அதே வாரம் அத்தா எதிர்வரிசையில் புதுக் கடைக்கு மாறினார். பழைய கடையை ஒழிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. பரண்மேல் ஒரு மரப்பெட்டி, உள்ளே இரும்பு எடைக்கற்கள். கயிற்றை நிறுத்து விற்ற காலத்துக் கற்கள் அவை. எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகு யாரும் அதைத் தொட்டதில்லை. கனமாக இருக்கிறதே என்று ஒவ்வொரு கல்லாக வெளியே எடுத்தேன். அடியில் ஒரு செய்தித்தாள் மடிப்பு. அதற்குள் ஆடுதன் ராஜா.

தொப்பி, தாடி, கிரீடம், மூலையில் சிவப்பு இதயம், எல்லாம் அப்படியே இருந்தன. திருப்பினேன். 'தங்கள் நல்வரவை' என்று இருந்தது, மீதி வெட்டுப்பட்டிருந்தது. அந்த வெட்டு என் கத்தரிக்கோல் வெட்டு. அப்படியே பாய்க்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

புதுக் கடைக்குக் கொண்டுபோய் அத்தா முன்னால் நீட்டினேன். எழுபது வயசு மனிதர், திருட்டு மாங்காயோடு பிடிபட்ட பிள்ளை மாதிரி முழித்தார்.

"இது எப்பிடி அத்தா உங்ககிட்ட?"

"நீ பத்தாவது படிக்கசொல்ல உன் பை ஜிப்பு பிஞ்சிபோச்சே, தைக்கக் குடுத்தேன் இல்ல? அன்னைக்குப் புஸ்தகத்தை எடுத்து வெளியில வெச்சேன். உள்ள பார்த்தா சீட்டுக்கட்டு. தூக்கிவாரிப் போட்ருச்சி. எங்க வூட்லயா, எம்பொண்ணு பையிலயான்னு."

"ஏன் என்னைக் கேக்கல?"

"கேக்கலாம்னுதான் வந்தேன். பொறவு பார்த்தா ஓரத்துல எல்லாம் கணக்கு எழுதி வெச்சிருந்தீங்க. நாலு பை அம்பத்திரண்டு, பதிமூணு பை அம்பத்திரண்டுன்னு. படிக்கத்தான் வெச்சிருக்குது புள்ளன்னு புரிஞ்சிக்கினேன். கேட்டா நீ பயந்துகினு படிக்கறத வுட்ருவ. வுட்டா வூட்ல சீட்டுக்கட்டு இருக்கற பாவம் எனக்கு. ரொம்ப நேரம் யோசிச்சேன். ஒண்ணே ஒண்ண எடுத்துட்டா அது கட்டே இல்ல இல்ல? அம்பத்தொண்ணு வெச்சிக்கினு எவனும் சூதாட முடியாது. உனக்குப் படிப்பும் ஆச்சி, எனக்குப் பாவமும் இல்ல."

"அம்பத்திரண்டுல இதை ஏன் அத்தா எடுத்தீங்க?"

அவர் தாடியைத் தடவினார். "வேற எதை எடுப்பேன்? எம் மூஞ்சி இல்ல அது? கிரீடம்லாம் வெச்சி வரைஞ்சிருக்குது அந்தப் பொண்ணு. கிழிக்க மனசு வரல. வூட்லயும் வெச்சிக்கக் கூடாது. அதான் கல்லுக்கு அடியில வெச்சேன்."

வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு நான் நடத்துவது இதைத்தான்: நடக்கவே நடக்காத நிகழ்ச்சியின் நிகழ்தகவு பூஜ்யம், கட்டாயம் நடக்கிற நிகழ்ச்சியின் நிகழ்தகவு ஒன்று. எங்கள் வீட்டுக்கு நான் பூஜ்யம் போட்டேன். மலர்விழி வீட்டுக்கு ஒன்று போட்டேன். எண்ணிப் பார்த்துப் போடவில்லை, அவள் அப்பா சீட்டாடுகிறவர், என் அத்தா தொழுகிறவர் என்று பார்த்துப் போட்டேன். கணக்கு டீச்சர் என்று பெயர் வேறு எனக்கு.

அத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பில் நான் பேசிய பேச்சைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் எழுந்து போய், மேல் அடுக்கிலிருந்து நல்ல கோரைப்பாய் ஒன்றை உருவிக் கயிறு போட்டுக் கட்டினார்.

"மலைக்கு ஏற எனக்கு முட்டி ஒத்துழைக்காது. நீ போ. எடுத்தது ஜாபர்னு எம் பேரைச் சொல்லு. வெறுங்கையோட போவாத."

எடுத்தது அவர்தான். பேசியது நான். அதற்கு அவர் பெயரைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

அவள் பள்ளிக்கூடம் எது, சனிக்கிழமையும் வகுப்பு உண்டா என்று விசாரித்துக்கொண்டு, சனிக்கிழமை காலை வெள்ளிமலை பஸ் ஏறினேன். பாயை எங்கே வைப்பது என்று தெரியாமல், கச்சிராயபாளையம் வரைக்கும் மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் போடட்டுமா என்று கிண்டல் செய்தார். கோமுகி அணை தாண்டி வளைவுகள் தொடங்கியதும் காது அடைத்தது. சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தபடியே வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் ஒரு வாக்கியம் மறந்தது. மரவள்ளிக் காட்டுக்கு நடுவில் இறங்கியபோது மிஞ்சியிருந்தது பயம் மட்டும்தான். அவள் என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அடுத்த பஸ் மூன்று மணிக்குத்தான்.

பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் அப்போதுதான் முடிந்திருந்தது. பிள்ளைகள் சாப்பாட்டுக்கு ஓடினார்கள். மலர்விழி போர்டை அழித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள், கொஞ்சம் இளைத்திருந்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள்.

"வாங்க" என்றாள்.

வாடி என்று கூப்பிட்ட வாய். அந்த 'ங்க' எனக்குச் சுருக்கென்று தைத்தது. தயார் செய்து வந்த எதுவும் வரவில்லை. சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"எங்க அத்தாதான் எடுத்திருக்காரு. போன வாரம்தான் எனக்குத் தெரியும். அவரு நல்லதுன்னு நெனைச்சி எடுத்தாரு. நான் தெரிஞ்சே கெட்டதைப் பேசினேன். நீ என்னை நம்பிச் சொன்னத வெச்சே உன்ன அடிச்சேன். மன்னிச்சிக்கோ மலரு."

அவள் சீட்டைக் கையில் எடுத்து நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். "கிரீடம் கொஞ்சம் கோணலா இருக்குது" என்றாள். அப்புறம் என்னைப் பார்க்காமலேயே பேசினாள்.

"பப்ளிக்ல அந்தக் கணக்கு வந்துச்சி இல்லீங்களா? எனக்கு அதுல தப்பே வரல. நாலு, பதிமூணு எல்லாம் வர்றதுக்கு முன்னாடியே இந்தச் சீட்டுதான் ஞாபகம் வந்துச்சி. ரெண்டு மாசமா எந்நேரமும் இதேதான் கண்ணு முன்னாடி நின்னுச்சி. மொதல்ல ஒண்ணைக் கழிச்சிட்டுதான் மத்ததைக் கூட்டினேன்."

பழி சுமந்தவள் அந்தச் சீட்டை மறக்கவில்லை. பழி போட்டவள் மறந்துபோனாள். மூன்று மார்க் எங்கே போயிற்று என்று பதிமூன்று வருஷம் கழித்து எனக்கு விளங்கியது.

"மீதி கட்டு எங்க?" என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். "கிழிச்சிட்டேன். ரிசல்ட் வந்த அன்னைக்கு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அதுல எங்கப்பா இருந்தாரு" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

"அவருக்கு ஒரு போட்டோவும் சரியா இல்ல. ரேஷன் கார்டுல இருக்கறது யாருன்னே தெரியாது. நான் அவரை வரைஞ்சது அந்த ஒருவாட்டிதான். நீங்க வெச்சிருப்பீங்கன்னு நெனைச்சேன். கேக்கத்தான் ரோசம் வுடல. காரியம் முடிஞ்சப்பறம் வரைஞ்சி வரைஞ்சி பார்த்தேன். வரல. சாவுல பார்த்த மொகம்தான் வருது."

வெளியே பிள்ளைகள் தட்டு கழுவுகிற சத்தம் கேட்டது. இனி எனக்கு இங்கே என்ன வேலை என்று பையை எடுத்தேன். அப்போது அவள் மேஜை டிராயரை இழுத்தாள். உள்ளே ஒரு கட்டு கல்யாணப் பத்திரிகை, கத்தரிக்கோல், பென்சில். அவள் மாணவர்களும் அச்சடித்த சீட்டைப் பார்க்காத பிள்ளைகள்தான்.

"திங்கக்கிழமை புள்ளைங்களுக்குக் கட்டு செய்யணும். வெட்டறது உங்க வேலைதான?" என்றாள்.

அத்தா கொடுத்த பாயை அவிழ்த்துத் தரையில் விரித்தேன். உட்கார்ந்து ஒரு பத்திரிகையை எட்டாக வெட்டினேன். கை மறக்கவில்லை. அவள் எதிரில் உட்கார்ந்து முதல் அட்டையை எடுத்து, மூலையில் ஒரு டைமனைப் போட்டாள். அதன் கீழே கே. நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். தலைத்துண்டு வந்தது. மீசையில் பென்சில் தயங்கியது.

"மீசை கீழ எறங்கி இருக்கும்" என்றேன். "வாயோரத்தை மூடிக்கினு. வலப்பக்கம் கொஞ்சம் ஜாஸ்தி."

வரைந்தாள்.

"கண்ணு சின்னது. சிரிக்கப் போறாப்பல இருக்கும். கன்னத்துல ஒரு வெட்டுத் தழும்பு, கரும்புத் தோகை கீறினது."

முனியனை நான் நேரில் பார்த்ததே இல்லை. அந்த ஐம்பத்தொரு சீட்டில்தான் பார்த்திருக்கிறேன். இரண்டு மாதம், ஒவ்வொரு நாளும், ராஜாக்களை ஒரு பக்கம் அடுக்கும்போது அவர்தான் மேலே வருவார். கிழித்தது என் கைதான். ஆனால் அவர் முகம் என்னிடம் அப்படியே இருந்தது.

மலர்விழி அட்டையைத் தூக்கிப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பென்சிலை மறுபடி அட்டைமேல் கொண்டுபோனவள், காதோரம் வந்து நிறுத்தினாள்.

"பீடி எந்தக் காதுலடி?" என்று கேட்டாள்.

"இடது காதுல" என்றேன்.